புதன்கிழமை, மூன்று நாற்பது

“அண்ணே, நீங்க அனுப்புன அறுபத்தோரு ஃபைலும் நேத்துத் தேதியத்தான் காட்டுது. ஒண்ணுலகூட பழைய தேதி இல்ல,” என்றாள் தினேஸ்வரி தொலைபேசியில்.

ராட்னி மூச்சை விட்டான். பயந்தது நடக்கவில்லை என்கிற நிம்மதி. அந்த நிம்மதி முழுசாக நெஞ்சில் இறங்குவதற்குள், சே, இதற்குப் போய் நிம்மதிப்படுகிறோமே என்று முகம் சுட்டது. கடையில் ஆள் யாரும் இல்லை. இருந்தாலும் நகல் இயந்திரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டுதான் பேசினான்.

“அது டவுன்லோட் பண்ணுனா அப்பிடித்தான் வரும் லா.”

“இல்லண்ணே. நீங்க போன்ல பிரிச்சிருப்பீங்க. போன்ல பிரிச்சா, பிரிச்ச அன்னிக்கி என்ன தேதியோ அதப் போட்டுரும். ஆனா ஜிப் ஃபைலுக்குள்ள ஒவ்வொண்ணுக்கும் பழைய தேதி அப்பிடியே பத்திரமா இருக்கும். நீங்க அதத் தொறக்காம கொண்டாங்க. என் லேப்டாப்புல ஒரு எடத்துல டிக் போட்டுத் தொறந்தா, எல்லாம் ஒரிஜினல் தேதியோட வெளிய வந்துரும். ஞாயித்துக்கெழம கூட்டத்துல எல்லாருக்கும் முன்னாலயே தொறந்து காட்டிருவோம். சரியா?”

“சரி,” என்றான் ராட்னி. வேறு என்ன சொல்ல முடியும்?

தினேஸ்வரி சொல்லித்தான் அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஈப்போ ஜெலாப்பாங்கில் இருபது வருஷமாக நகல் கடை வைத்திருப்பவன் அவன். தொழிற்பேட்டை ஆட்களுக்கு ஸ்கேன் எடுத்துக்கொடுப்பது, அரசாங்கப் பாரங்களை ஆன்லைனில் நிரப்பிக்கொடுப்பது எல்லாம் அவன்தான். போனில் பிரித்தால் தேதி போய்விடும் என்பது அவனுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தாயா என்று கேட்டால் மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். கடையில் மூன்று கணினி சும்மா கிடக்க, மனிதர் வேலைமெனக்கெட்டுப் போனை எடுத்தார் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். ஈப்போவிலிருந்து தெலுக் இந்தான் போகிற வழியில் ஆதர்லி தோட்டம் என்று ஒன்று இருந்தது. ராட்னி பிறந்தது அங்கேதான், ஆறாவது லயத்து வரிசை வீட்டில். முதலில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையையும் சாய்த்துவிட்டு வீடு கட்ட வந்தார்கள். உயிரோடு இருந்தவர்கள் அதற்கு முன்பே ஈப்போ, தைப்பிங் என்று சிதறியாகிவிட்டது. செத்தவர்கள் மட்டும்தான் நகராமல் கிடந்தார்கள். 2017-இல் வீடமைப்புக் கம்பெனி ஓர் அறிவிப்பு ஒட்டியது. மார்ச் 31-ஆம் தேதிக்குள் பத்திரத்தோடு பட்டியல் கொடுத்தால், பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் தோண்டி எடுத்துப் புது இடுகாட்டில் தனிக்குழியில் வைத்துப் பெயர்க்கல் நடுவோம். பட்டியலில் இல்லாத எலும்பெல்லாம் ஒரே பொதுக்குழிக்குள் போகும் என்றது.

முன்னாள் தோட்ட மக்கள் சங்கத்துக்கு அப்போது ராட்னிதான் செயலாளர். இந்து, வேதக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் அவன் கடைக்கு வந்தார்கள். சாவுப் பத்திரம், தோட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்லறைக்கு முன்னால் நின்று எடுத்த மங்கிய படம் என்று கையில் எது அகப்பட்டதோ அதைக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து, கம்பெனி கொடுத்த பாரத்தில் பெயர்களைத் தட்டி, ஒருநாள் முன்னதாகவே மார்ச் 30-இல் கொண்டுபோய்ச் சேர்த்தான். ராட்னி கை வைத்தால் காரியம் பிசகாது என்று பேசிக்கொண்டார்கள். அவனும் அதைக் காதில் வாங்காதவன் போல நடித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

ஆறு பேருக்கு ஏன் கல் நடவில்லை என்பது எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் வெளியே வந்தது. கம்பெனி ஆபீசில் யாரோ பட்டியலைத் திரும்பத் தட்டியபோது ஆறு பெயர்களை விட்டுவிட்டார்களாம். தலைவர் கனகராஜ் விடாமல் அலைந்து பேசியதில், பொதுக்குழிக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டு, விட்டுப்போன பெயர்களைப் பொறித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. பத்திரம் மார்ச் 31-க்குள் சங்கத்திடம் வந்து சேர்ந்தது என்று காட்ட வேண்டும். பத்திரம் வந்த அன்றைக்கே ராட்னி ஸ்கேன் எடுத்துவிடுவான் என்பது ஊரறிந்த சங்கதி. ஆகவே ஸ்கேன் ஃபைலின் தேதிதான் சாட்சி. பழைய கணினி என்றைக்கோ மண்டையைப் போட்டுவிட்டது. ஆனால் அது சாகுமுன் ராட்னி எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டி இணையத்தில் ஏற்றி வைத்திருந்தான். கடவுச்சொல் அவனுக்கு மட்டும்தான் தெரியும். புதுச் செயலாளர் தினேஸ்வரி கேட்டது அதைத்தான்.

அந்த ஜிப்புக்குள், ‘பிறகு பார்க்க’ என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டர் உறைக்குள், தனியாக ஒரே ஒரு ஃபைல் இருந்தது. எல்ஸி அக்காவின் சீட்டு.

1984-இல் தோட்ட ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்தது அது. ‘எல்ஸியின் ஆண் குழந்தை, வயது ஒன்பது நாள், ஆறாவது லயம், நாலாம் நம்பர்.’ அவ்வளவுதான். பெயர் இல்லை. தோட்டத்து வேதக்கோயிலுக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். அவர் வந்து தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைப்பதற்குள் பிள்ளை போய்விட்டது. அப்படிப் போன பிள்ளைகளை இடுகாட்டின் ஓரத்தில், கால்வாயை ஒட்டிப் புதைத்துவிட்டு வருவார்கள். பெயரை எங்கும் எழுதுவதில்லை. கம்பெனிப் பாரத்திலோ முதல் கட்டமே பெயர்தான். அதை நிரப்பாவிட்டால் கணினி அடுத்த கட்டத்துக்கு விடாது.

பாரத்தைத் தட்டும்போதுதான் ராட்னி அதைக் கவனித்தான். எல்ஸிக்குப் போன் போட்டு, அக்கா, செத்துப்போன பிள்ளைக்கு என்ன பெயர் போட என்று கேட்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அவள் புருஷன் அலெக்சாண்டர் வாதம் அடித்து ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. கம்பெனி ஆபீசில் விசாரித்துக்கொள்ளலாம் என்று ‘பிறகு பார்க்க’ உறைக்குள் தள்ளினான். தள்ளியவன் மறந்தும் போனான். இதுவரைக்கும் யாருக்கும் நடக்கக்கூடிய பிசகுதான்.

அதற்குப் பிறகு செய்ததைத்தான் பிசகு என்று சொல்ல முடியாது. ஏப்ரல் மாதம் பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது எல்ஸி வந்து, விரலை வைத்து மேலிருந்து கீழ்வரைக்கும் இரண்டு தரம் பார்த்தாள். பிறகு இருபது பேர் நிற்கும்போது, “ராட்னி, என் பிள்ளயக் காணமே பா,” என்றாள்.

ராட்னிக்கு அந்த நிமிஷமே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வாயைத் திறந்தான். “நீங்க லேட்டா கொண்டாந்தீங்கக்கா. தேதி முடிஞ்சப்பறம்தான வந்தீங்க,” என்று வந்தது.

எல்ஸி முதலில் சத்தம் போட்டாள். இல்லை, முன்னாடியே வந்தேன் என்றாள். ராட்னி தலையை மட்டும் ஆட்டினான். அவள் அழுதாள், கெஞ்சினாள், எப்படியாவது சேர்த்துவிடு என்று அவன் கையைப் பிடித்தாள். கடைசியில், “இவரு ஆஸ்பத்திரில கெடந்த நேரம். எனக்கு நாளு கெழம ஒண்ணும் நெனப்புல இல்ல. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை பொதுக்குழிக்குப் போயிற்று.

ஆக, தினேஸ்வரி போனை வைத்த பிறகு ராட்னி செய்த முதல் வேலை, கணினியில் உட்கார்ந்து அந்த ஜிப் ஃபைலைத் தேடி எடுத்ததுதான். திறக்கவில்லை. அதன்மேல் அம்பை வைத்து வலது பக்கம் தட்டினான். அழிக்க என்று ஒரு வரி வந்தது. அழித்துவிட்டால் கதை முடிந்தது. கணக்கு காலாவதியாகிவிட்டது, ஜிப் போய்விட்டது என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ராட்னி சொன்னால் நம்புவார்கள். ஆனால் அழித்தால் மற்ற ஆறு பேருக்கும் சாட்சி இல்லாமல் போகும். அந்த ஆறு பேரை நினைத்துத்தான் கை நின்றது. எல்ஸியை நினைத்து நிற்கவில்லை. அதையும் அவன் கவனித்தான். தன்மேல் தனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது எல்ஸி கடைக்குள் வந்தாள். பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த அலெக்சாண்டரின் கிளினிக் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அறுபத்தைந்து வயது இருக்கும். முழங்கால் வலியால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பாள்.

“ரெண்டு காப்பி போடு பா. புது டாக்டரு கேக்குறாரு.”

ராட்னி அட்டையை வாங்கி இயந்திரத்தில் வைத்தான். அவள் குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டாள்.

“கல்லு நடப்போறாங்களாமே. சங்கத்துலேருந்து சுரத்து வந்துச்சு, படிச்சாங்க. நல்ல காரியம் பா. முத்தம்மாவோட மாமியார் பேரு விட்டுப்போச்சுன்னு அந்தம்மா அழாத நாளில்ல. அத மட்டும் மறக்காமப் பாரு.”

“பாக்குறேன்க்கா.”

“எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நாந்தான் லேட்டாக் கொண்டாந்தேனே.”

ராட்னி இயந்திரத்தின் மூடியைத் திறந்தான், மூடினான். இரண்டு காப்பிக்கு நான்கு வந்துவிட்டது.

“ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனப்பு,” என்றாள் எல்ஸி. “அன்னிக்கி உன்ன எல்லாரு முன்னாலயும் சத்தம் போட்டுட்டேன். கையப் புடிச்சிக் கெஞ்சி உன்ன சங்கடப்படுத்திட்டேன். நீ பாவம், சட்டப்படி நடந்த. ஒனக்கும் சூசாவா, கஷ்டமாத்தான் இருந்திருக்கும். மனசுல வச்சிக்காத பா. என்ன மன்னிச்சிரு.”

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ராட்னியின் உள்ளே ஏதோ இடித்தது. அக்கா என்று ஆரம்பித்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கபடம் இல்லாத பார்வை. அதைப் பார்த்ததும் காப்பிகளை அடுக்கி அவள் பக்கம் நகர்த்தினான்.

“ஒண்ணுமில்லக்கா. மழ விட்டதும் போங்க.”

“இவரு தனியா இருப்பாரு. வாரேன்.” எழுந்தவள், காப்பிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டே, பெரிய விஷயம் இல்லை என்பதுபோலச் சொன்னாள்: “வருஷா வருஷம் கல்லறத் திருநாளுக்குப் போவோம்ல, அந்தப் பெரிய குழிக்கு முன்னால மெழுகுவத்தி ஏத்துறப்பல்லாம் இவரு கேப்பாரு. ‘ஒரு நாளு முன்னாடி போயிருந்தா என்ன எல்ஸி?’ன்னு. வாய் கோணிப்போயி வார்த்த சரியா வராது அவருக்கு. இத மட்டும் தெளிவாக் கேப்பாரு.”

அவள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் இவன். கேட்டுவிட்டுப் போனவள் அவள். அந்த மன்னிப்பை ஒண்ணுமில்லக்கா என்று வாங்கி வேறு வைத்துக்கொண்டான். திருடிய பொருளுக்கு ரசீதும் வாங்கிக்கொண்டவன் போல இருந்தது அவனுக்கு. அதற்கு மேல் அந்த ஜிப் ஃபைலின் மேல் அம்பை வைக்க அவனுக்குக் கை வரவில்லை. ஒரு பென்டிரைவை எடுத்து, ஃபைலைத் திறக்காமல் அப்படியே அதில் ஏற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இத்தோடு ராட்னி திருந்திவிட்டான் என்று யாரும் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். கூட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளில் எல்ஸியின் வீட்டுக்குப் போயிருக்கலாம். காடியை எடுத்தால் பத்து நிமிஷத்து ஓட்டம்தான். போகவில்லை. அவன் வேறொரு திட்டம் வைத்திருந்தான். தேதி தானாகவே பேசட்டும். தினேஸ்வரி திறப்பாள், மார்ச் 22 என்று திரையில் வரும், எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள். அட, எங்கோ பிசகியிருக்கிறதே, எட்டு வருஷத்துக்கு முந்தின கதைதானே என்று தலைவர் சொல்வார். குழந்தையின் பெயர் கல்லில் ஏறிவிடும். அவன் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. பிசகு என்று ஒரு நல்ல சொல் இருக்கும்போது பொய் என்ற சொல் எதற்கு? இப்படித்தான் தனக்குத்தானே எடுத்துச் சொல்லிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வந்து சேர வசதியாகப் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்திருந்தார்கள். ஜெலாப்பாங் பாலாய் ராயா பொதுக்கூடத்தில் நாற்பது நாற்காலி போட்டதில் முப்பதுக்கு மேல் நிறைந்துவிட்டது. கனகராஜ் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் தோட்டத்து லாரி ஓட்டியவர். இன்றைக்கும் பேசும்போது ஹாரன் அடிக்கிற மாதிரித்தான் பேசுவார். எல்ஸி கடைசி வரிசையில், அலெக்சாண்டரின் சக்கர நாற்காலியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் வந்திருந்தாள். முத்தம்மாவுக்காக வந்ததாகச் சொன்னாள்.

தினேஸ்வரி பென்டிரைவை வாங்கி மடிக்கணினியில் சொருகினாள். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் எல்லாம் பெரிதாகத் தெரிந்தது.

“இப்ப பாருங்க, இதுல டிக் போடுறேன். அப்பதான் ஒவ்வொரு ஃபைலும் பழைய தேதியோட வெளிய வரும். இதப் போடலன்னா இன்னிக்கித் தேதியாப் போயிரும்,” என்று சொல்லிக்கொண்டே பொத்தானைத் தட்டினாள். திரையில் ஃபைல்கள் வரிசையாக வந்து விழுந்தன. பக்கத்தில் தேதிகள். மார்ச் 3, 2017. மார்ச் 9. மார்ச் 14. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அந்த நாட்களே திரும்பி வந்து சுவரில் உட்கார்ந்துகொண்டதுபோல எல்லாரும் பார்த்தார்கள்.

முத்தம்மாவின் மாமியார் சீட்டு மார்ச் 14. முத்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவு என்பவரின் சீட்டு மார்ச் 17. மற்ற நான்கும் சரியாக இருந்தன. கனகராஜ் ஒவ்வொன்றுக்கும் பலத்த குரலில் “சா!”, செல்லும் என்று சொல்லிப் பட்டியலில் குறித்துக்கொண்டார்.

“ஆறும் ஆச்சு. இன்னும் ஒரு உறை இருக்கே. ‘பிறகு பார்க்க’ன்னு,” என்று தினேஸ்வரி அதைத் திறந்தாள். “ஒரே ஒரு ஸ்கேன். இது யாருது?”

சீட்டு திரை முழுக்க விரிந்தது. பழுப்பேறிய தாள், மை பரவிய எழுத்து. எல்ஸியின் ஆண் குழந்தை, ஒன்பது நாள்.

பின்வரிசையில் எல்ஸி பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள்.

“தேதி மார்ச் இருபத்திரெண்டு,” என்றாள் தினேஸ்வரி. “அப்பறம் ஏன் இது பட்டியல்ல இல்ல?”

“அது லேட்டும்மா,” என்று யாரோ சொன்னார்கள். “எல்ஸி ஏப்ரல்லதான் கொண்டாந்துச்சு. எல்லாத்துக்கும் தெரியும்.”

“ஆனா மார்ச்சுன்னு காட்டுதே.”

“மிசின்ல தேதி தப்பா ஓடியிருக்கும் லா,” என்றார் கனகராஜ். “என் லாரியில கூட கடிகாரம் ஒரு மணி நேரம் முந்திதான் ஓடும். ராட்னி அன்னிக்கே சொல்லிட்டானே லேட்டுன்னு. மிசின் தப்பு பண்ணும், ராட்னி பண்ணுவானா? கம்பெனிக்காரன்கிட்ட சந்தேகமானது எதையும் கொண்டு போவக்கூடாது. அப்பறம் மத்த ஆறுக்கும் ஆபத்து. அத விடு, மூடு.”

ராட்னி இதை எதிர்பார்க்கவே இல்லை. தேதி பேசும் என்று நினைத்திருந்தான். தேதி பேசியது. அதைவிடத் தன் பேச்சைத்தான் இவர்கள் நம்புவார்கள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. எட்டு வருஷமாக ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்த நல்ல பெயர் இப்போது அவன் கண்ணெதிரிலேயே அந்தப் பிள்ளையை இரண்டாவது முறையாகக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

தினேஸ்வரி அவனைப் பார்த்தாள். “அண்ணே, உங்க ஸ்கேனர்ல தேதி தப்பாவா இருந்துச்சு?”

அவன் வாயைத் திறப்பதற்குள் எல்ஸியே குரல் கொடுத்தாள். “விடும்மா. நாந்தான் லேட்டு. தம்பிய ஒண்ணும் கேக்காதீங்க.”

ராட்னி எழுந்தான். நாற்காலி தரையில் கிறீச்சென்று உரசியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உடம்பில் ஒரு துணியும் இல்லாமல் நிற்கிறதுபோல இருந்தது அவனுக்கு.

“மிசின் தேதி சரி,” என்றான். “அக்கா மார்ச்சுலயே வந்துட்டாங்க. ஒம்பது நாளு மீதம் இருந்துச்சு. சீட்டுல பேரு இல்லன்னு நாந்தான் எடுத்து ஓரமா வச்சேன். அப்பறம் மறந்துட்டேன். அக்கா வந்து கேட்டப்ப எனக்குத் தெரியும். லேட்டுன்னு பொய் சொன்னேன்.”

கனகராஜ் பேனாவைப் பட்டியல்மேல் வைத்தார்.

“பொய்யா?” என்றார் கனகராஜ், முதல் தடவையாக மெதுவான குரலில்.

“பொய்தான். எல்லாரும் என்ன நல்லா நெனச்சிக்கிட்டு இருந்தீங்க. மறந்துட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நாலு நாளு முன்னாடி போன்ல பிரிச்சி தேதிய மாத்தி அனுப்புனதும் அதுக்காகத்தான்.” இதைச் சொல்ல வேண்டும் என்று அவன் எண்ணியிருக்கவில்லை. ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை.

முத்தம்மா அடப்பாவி என்று முணுமுணுத்தாள். முன்வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். தங்கள் வீட்டுப் பையன் திருடிவிட்டு நிற்பதைப் பார்ப்பதுபோல எல்லார் முகத்திலும் ஒரு கூச்சம். திட்டியிருந்தால் ராட்னி தாங்கிக்கொண்டிருப்பான்.

எல்ஸி எழுந்து, நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள். ராட்னியைக் கடந்துதான் வந்தாள். ஆனால் அவன் பக்கம் திரும்பவில்லை. தொலைக்காட்சிக்கு நேராகப் போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“எனக்கு இங்கிலீசு தெரியாது. என்ன போட்டிருக்குன்னு படிம்மா.”

“மார்ச் இருபத்திரெண்டு, ரெண்டாயிரத்துப் பதினேழு, ஆண்ட்டி.”

“கெழம?”

தினேஸ்வரி நாள்காட்டியைத் தட்டிப் பார்த்தாள். “புதன்.”

“மணி இருக்கா?”

“இருக்கு. மத்தியானம் மூணு நாப்பது.”

“புதன்கெழம,” என்றாள் எல்ஸி. “மூணு நாப்பது. நாலரைக்கு ஆஸ்பத்திரில பாக்க விடுவாங்க. அதுக்குள்ள பஸ்ஸப் புடிக்கணும்னு ஓடுனேன். ஓடுனேன் நானு.” அவள் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “கேட்டீங்களா? ஒம்பது நாளு முன்னாடி. ஒரு நாளு இல்ல. ஒம்பது நாளு.”

அலெக்சாண்டர் கோணிய வாயைத் திறந்து ஏதோ சொல்ல முயன்றார். வார்த்தை வரவில்லை. நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. எல்ஸி அங்கேயே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்த் தேற்றவில்லை.

கனகராஜ் செருமினார். லாரிக்காரர், வண்டி சேற்றில் மாட்டினால் அடுத்து செய்ய வேண்டியதைத்தான் பார்ப்பார். “சரி. ஏழாவது பேரா இதையும் சேர்ப்போம். தேதி இருக்கு, சாட்சி இருக்கு. பாரத்த நெரப்புங்க,” என்று சொல்லி, எட்டு வருஷத்துப் பழக்கத்தில், பாரத்தை ராட்னியின் பக்கம் நகர்த்தினார். சங்கத்தில் எழுத்து வேலை என்றால் அவனிடம்தான் போகும்.

ராட்னி நம்ப முடியாமல் அதை வாங்கிக்கொண்டான். பேனாவைத் திறந்தான். இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று ஒரு சின்ன ஆசை வந்தது. தலை நிமிராமல் கேட்டான், “பிள்ளைக்கி என்ன பேரு போடணும்க்கா?”

எல்ஸி மேசையருகே வந்தாள். அவன் விரல்களுக்கு அடியிலிருந்து அந்தத் தாளை, கிழியாமல், மெதுவாக உருவிக்கொண்டாள்.

“ஒன்கிட்ட ஒரு தடவ குடுத்துட்டேன். போதும்,” என்றாள்.

தாளைத் தினேஸ்வரியின் முன்னால் வைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

“நீ எழுதும்மா. ஜோனதன். நாப்பத்தொரு வருஷமா யாருகிட்டயும் சொன்னதில்ல. ஜோனதன்னு போடு. போட்டுட்டு, கீழ இன்னிக்கித் தேதியப் போடு. மணியும் போடு.”